‘செக்’ என்னும் சிறு சொல்

 

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், ஷிப்டு மாறும் வேளையில், ஏதேனும் ஓர் ஆலையின் வாயிலருகே சற்று நேரம் நின்று பாருங்கள். ‘செக்’ என்னும் ஆங்கிலச் சொல் எத்தனை வாய்களில் எத்தனை பொருளில் புழங்குகிறது என்பது விளங்கும். வாயிற்காவலர் சோற்றுப் பையைத் திறக்கச் சொல்லி ‘செக்’ பண்ணுகிறார். உள்ளே தரம் பார்ப்பவர் வார்ப்படத்தின் அளவைச் ‘செக்’ செய்கிறார். ஃபிட்டர் தன் உதவியாளிடம் ‘செக் நட்’ கேட்கிறார். பாய்லரருகே நிற்பவர் ‘செக் வால்வு’ பழுதாகிவிட்டது என்று சத்தமிடுகிறார். லாரி ஓட்டுநர் எளாவூர் ‘செக் போஸ்ட்’டில் காத்துக் கிடந்த கதையைச் சொல்கிறார். ஒப்பந்தக்காரர், பாக்கித் தொகைக்கு நாளை ‘செக்’ தருவதாக வாக்களிக்கிறார். குளித்து முடித்து வெளியே வரும் இளைஞர் இடுப்பில் கட்டியிருப்பதோ கட்டம் போட்ட ‘செக்’ கைலி!

ஒரே சொல். ஆனால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை போலத் தோன்றும் ஏழெட்டுப் பொருள்கள். இச்சொல்லின் பிறப்பை ஆராயப் புகுந்தால், அது நம்மைப் பாரசீகத்து அரண்மனைக்கும், மதீனாவின் கடைவீதிக்கும், இங்கிலாந்து அரசின் கணக்கு மேசைக்கும், கடைசியில் நம் பக்கத்து ஊராகிய பழவேற்காட்டிற்கும் அழைத்துச் செல்கிறது.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. எண்ணெய் ஆட்டும் ‘செக்கு’ நம்முடைய பழந்தமிழ்ச் சொல். அதற்கும் இந்தச் ‘செக்’கிற்கும் எவ்வித உறவும் இல்லை. இரண்டு சொற்கள் காதுக்கு ஒன்றுபோல் ஒலிப்பதாலேயே அவற்றை அண்ணன் தம்பியாக்கிவிடலாகாது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரசனிலிருந்து தொடக்கம்

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த விளையாட்டு. ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டில் அது பாரசீகம் சென்று ‘சத்ரங்’ ஆயிற்று. 7ஆம் நூற்றாண்டில் பாரசீகம் முஸ்லிம்களின் ஆட்சிக்குள் வந்த பிறகு அரபியரின் நாவில் ‘ஷத்ரன்ஜ்’ ஆயிற்று. அவ்விளையாட்டில் எதிரியின் அரசனைத் தாக்கும் நிலையில் ஒரு காயை நகர்த்தினால், ‘ஷா!’ என்று உரக்கச் சொல்லி எச்சரிக்க வேண்டும். ‘ஷா’ என்றால் பாரசீகத்தில் அரசன். ‘உன் அரசனைப் பார்த்துக்கொள்’ என்பது அதன் கருத்து.

முஸ்லிம்கள் வழியாக இவ்விளையாட்டு ஐரோப்பாவை அடைந்தபோது ‘ஷா’வும் உடன் சென்றது. இலத்தீனில் ‘ஸ்காக்கஸ்’ என்றும், பழைய பிரெஞ்சில் ‘எஷெக்’ என்றும் உருமாறி, ஆங்கிலத்தில் ‘செக்’ என வந்து நின்றது. அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் பன்மை வடிவமே ‘செஸ்’ என்னும் பெயராயிற்று. ஆக, ‘செக்’கும் ‘செஸ்’ஸும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். யானைக் காயை ஆங்கிலத்தில் ‘ரூக்’ என்பதும் பாரசீக ‘ருக்’கிலிருந்து வந்ததுதான். 2022இல் மாமல்லபுரத்தில் சதுரங்க ஒலிம்பியாட் நடந்ததும், 2024இல் சென்னை இளைஞர் குகேஷ் உலக வாகையர் ஆனதும் நாம் அறிந்தவை. அந்த ஆட்டங்களில் ஒவ்வொரு முறை ‘செக்’ விழும்போதும், யாருமறியாமல் ஒரு பாரசீக மன்னர் அழைக்கப்படுகிறார்!

(சதுரங்கம் ஆடுவதன் மார்க்கச் சட்டம் குறித்து இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனிப் பாடம். இங்கு நான் அதற்குள் புகவில்லை.)

‘செக்மேட்’ என்பது ‘ஷா மாத்’. இதனை ‘அரசன் இறந்துவிட்டான்’ என்று பலரும் பொருள் சொல்வர். அரபியில் ‘மாத்த’ என்றால் ‘இறந்தான்’ என்பதை நம் மதரஸாவின் முதலாண்டு மாணவனும் அறிவான். எனவே அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆனால் சதுரங்கத்தில் அரசன் வெட்டப்படுவதில்லை. போக வழியின்றி முடங்கி நிற்கிறான். அத்துடன் ஆட்டம் முடிகிறது. பாரசீக மொழியில் ‘மாத்’ என்பதற்குத் திகைத்துச் செயலற்றுப் போதல் என்று பொருள். ‘அரசன் செயலற்றான்’ என்பதே பொருத்தமான விளக்கம் என மொழியறிஞர் பலர் கருதுகின்றனர். அரபி தெரிந்ததாலேயே ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்ளவும் கூடும் என்பதற்கு இதுவோர் எடுத்துக்காட்டு.

‘ஷா’ என்றதும் ஒரு நபிமொழி நினைவிற்கு வருகிறது. மன்னர்களுக்கெல்லாம் மன்னன் என்று ஒருவன் தனக்குப் பெயர் சூட்டிக்கொள்வது அல்லாஹ்விடம் மிகவும் இழிவான பெயர் என்ற கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியது புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. அதனை அறிவித்தவர்களுள் ஒருவராகிய சுஃப்யான் (ரஹ்) அவர்கள், ‘ஷாஹன்ஷா’ என்பது போன்ற பெயர் என்று அதற்கு விளக்கம் தந்துள்ளார்கள். அத்தகைய பெரும் பட்டம், காலப்போக்கில் கும்மிடிப்பூண்டி ஃபிட்டரின் கையில் ஒரு சிறு திருகுமரையாக வந்து கிடப்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

அது எவ்வாறு திருகுமரை ஆயிற்று? அரசனுக்கு ஆபத்து வந்தால் ஆடுபவர் மற்றெல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் அரசனைக் காத்தாக வேண்டும். அவர் போட்டு வைத்த திட்டமெல்லாம் அங்கே தடைப்படுகிறது. எனவே ‘செக்’ என்பதற்குத் தடுத்தல், நிறுத்தி வைத்தல் என்ற பொருள் விரைவிலேயே உண்டாயிற்று. நம் ஆலைகளில் இந்தப் பழம்பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு திருகுமரையின் மீது மற்றொன்றை இறுக்கி, இயந்திரத்தின் அதிர்வில் முதலாவது கழன்றுவிடாதபடி தடுப்பது ‘செக் நட்’. பம்பிலிருந்து பாய்லருக்குத் தண்ணீரை உள்ளே விட்டு, பாய்லரின் கொதிநீர் திரும்பப் பாயாதபடி அடைத்துக்கொள்வது ‘செக் வால்வு’. இவை இரண்டும் எதையும் சோதிப்பதில்லை, தடுக்கின்றன. ஐ.டி.ஐ. படிக்கும் நம் பிள்ளைகள் இப்பெயர்களை மனனம் செய்கின்றனர். காரணம் அறிந்தால் மறக்கமாட்டார்கள்.

‘செக் போஸ்ட்’டிலும் முதலில் தடுத்தல், பிறகே சோதித்தல். 2017 ஜூலை 1 முதல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் வணிகவரித் துறையின் சோதனைச் சாவடிகள் நீங்கின. ஆயினும் போக்குவரத்துத் துறையினரும் காவல் துறையினரும் வண்டிகளை நிறுத்திப் பார்ப்பது தொடர்வதால் அந்தப் பெயரும் நீங்கவில்லை. சோதித்துச் சரிபார்த்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வந்து சேர்ந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்த் தொழிலாளர்களின் வருகையைப் பதியும் பேரேட்டிற்குச் ‘செக்ரோல்’ என்று பெயர். அதில் பெயர் ஏறினால்தான் அன்றைய கூலி.

கட்டம் போட்ட மேசை

சதுரங்கப் பலகையின் கட்டங்கள் தனியே வேறொரு வழியில் பயணம் செய்தன. பிரெஞ்சில் சதுரங்கப் பலகைக்கு ‘எஷெக்கியே’ என்று பெயர். 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரசின் வரவு செலவைப் பார்க்க ஒரு பெரிய மேசை வைத்திருந்தனர். நீளம் ஏறத்தாழ பத்தடி, அகலம் ஐந்தடி. அதன்மேல் கோடுகளால் கட்டமிட்ட கருப்புத் துணியை விரித்து, கட்டங்களில் வட்டக் காய்களை வைத்து நகர்த்திக் கணக்கிட்டனர். ஒவ்வொரு மாவட்டத்து வரிவசூல் அதிகாரியும் அம்மேசையின் ஒருபுறம் அமர்ந்து, எதிரே அமர்ந்த பொருளாளரிடம் கணக்கு ஒப்புவிக்க வேண்டும். அக்காலத்தில் அரசின் பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் என்பவர் 1170களின் பிற்பகுதியில் எழுதத் தொடங்கிய நூலில், இதனைச் சதுரங்கப் போருடன் ஒப்பிட்டிருக்கிறார். அந்த மேசையின் பெயரே அத்துறைக்கும் பெயராகி ‘எக்ஸ்செக்கர்’ ஆயிற்று. பிரிட்டனின் நிதியமைச்சர் இன்றும் ‘எக்ஸ்செக்கரின் சான்சலர்’ என்றே அழைக்கப்படுகிறார்.

காசோலை என்னும் ‘செக்’ இந்தக் கிளையின் பக்கத்திலிருந்து வருகிறது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘செக்’ என்றால், பணச் சீட்டின் ஒரு பகுதியைக் கிழித்துக் கொடுத்தபின் புத்தகத்திலேயே தங்கிவிடும் அடிக்கட்டை என்று பொருள். சீட்டு திரும்பி வரும்போது அடிக்கட்டையுடன் ஒப்பிட்டு, மோசடியைத் தடுப்பதற்காக வைத்த ஏற்பாடு அது. தடுத்தலும் சரிபார்த்தலும் அங்கே ஒன்று சேர்ந்தன. பின்னர் அடிக்கட்டையின் பெயர் சீட்டுக்கே தாவிவிட்டது. ‘எக்ஸ்செக்கர்’ என்ற சொல்லின் சாயலால் பிரிட்டனில் அதன் எழுத்தும் சற்று மாறியது. அமெரிக்கர் பழைய எழுத்தையே வைத்துக்கொண்டனர். சீட்டு எழுதும் வழக்கம் அந்தப் பெயருக்கும் முந்தியது. இங்கிலாந்தில் இன்றும் காக்கப்பட்டுள்ள மிகப் பழைய காசோலைகளுள் ஒன்று 1659ஆம் ஆண்டைச் சேர்ந்தது; 400 பவுண்டு தரும்படி, பத்திரம் எழுதுவதுடன் வங்கித் தொழிலும் செய்த இலண்டன் நிறுவனத்தாருக்கு எழுதப்பட்டது.

அமெரிக்காவில் உணவு விடுதிக் கணக்குச் சீட்டும், விடை சரியென்று போடும் குறியும்கூட ‘செக்’தான். உம்ரா செல்வோர் சென்னை விமான நிலையத்தில் வரிசையில் நிற்பது ‘செக்-இன்’. இவற்றைச் சொல்லிக்கொண்டே போகலாம்.

பழவேற்காட்டுக் கைலி

கட்டங்களின் மற்றொரு கிளை துணியில் படர்ந்தது. சதுரங்கப் பலகைபோல் கட்டம் நெய்த துணியும் ‘செக்’ எனப்பட்டது. இங்கேதான் நம் திருவள்ளூர் மாவட்டம் கதைக்குள் நுழைகிறது.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே பொன்னேரி வட்டத்தில், ஏரிக்கும் கடலுக்கும் இடையே இருக்கிறது பழவேற்காடு. அரபு வணிகரின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் முஸ்லிம் குடும்பங்கள் அங்கே வாழ்ந்து வருகின்றன. ஐரோப்பியர் அவ்வூரைப் ‘புலிகாட்’ என்றனர். டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, அதைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாக வைத்திருந்ததற்கு முதற்காரணம் துணி வணிகமே. இப்பகுதியில் சாயமேற்றி நெய்யப்பட்ட துணிகள் கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. வண்ணக் கட்டமிட்ட கைக்குட்டைத் துணிக்கு ஆங்கில அகராதியில் ‘புலிகாட்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து நெசவாளர்கள் அதைப் பார்த்துத் தாமும் நெய்து, அதே பெயரில் விற்றனர்.

இதைவிட நமக்கு நெருக்கமான செய்தி மலாய் மொழியில் உண்டு. மலேசியாவில் உறவினர் உள்ள குடும்பத்தார் அறிந்திருக்கலாம்: அங்கே ஆண்கள் தொழுகைக்கு உடுத்திச் செல்லும் கட்டம் போட்ட கைலிக்குக் ‘காயின் பெலிக்காட்’ என்று பெயர். ‘காயின்’ என்றால் துணி. ‘பெலிக்காட்’ என்பது நம் பழவேற்காடுதான்! ஜும்ஆவுக்குப் புறப்படும் மலாய் முஸ்லிம் ஒருவர் தம் இடுப்பில் பொன்னேரி வட்டத்து ஊரொன்றின் பெயரைக் கட்டிக்கொண்டு செல்கிறார். பழவேற்காட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அவ்வூர்ப் பள்ளிக்கூடங்களின் சுவரில் எழுதி வைக்கத் தக்க செய்தி இது.

‘ஸக்’ தந்த சொல்லா?

இனி, நம்மவர் மேடைகளிலும் மலர்களிலும் அடிக்கடி சொல்லப்படும் ஒரு செய்திக்கு வருகிறேன். ‘செக் என்னும் ஆங்கிலச் சொல் ஸக் என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது, காசோலையை உலகுக்குக் கொடுத்தவர்கள் முஸ்லிம்கள்’ என்பது அது.

‘ஸக்’ என்ற அரபுச் சொல் உண்மையில் உண்டு. எழுதிக் கொடுக்கும் பத்திரம், பணச் சீட்டு என்பது அதன் பொருள். அதன் பன்மையே இன்று வங்கி உலகில் புழங்கும் ‘ஸுகூக்’. இது பழைய சொல் என்பதற்கு இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா சான்று. மர்வான் மதீனாவின் ஆளுநராக இருந்த காலத்தில், செங்கடல் துறைமுகமாகிய அல்ஜாரில் இருந்த தானியத்திற்காக மக்களுக்கு ஸுகூக் என்னும் சீட்டுகள் வழங்கப்பட்டன. தானியம் கைக்கு வருமுன்பே மக்கள் அச்சீட்டுகளைத் தமக்குள் விற்கவும் வாங்கவும் தொடங்கினர். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களும் மற்றொரு நபித்தோழரும் மர்வானிடம் சென்று, வட்டியை ஆகுமாக்குகிறீரா என்று கண்டித்தனர். மர்வான் காவலர்களை அனுப்பி, சீட்டுகளைப் பறிமுதல் செய்து உரியவர்களிடமே திருப்பித் தரச் செய்தார். கையில் இல்லாத பொருளைச் சீட்டாக்கிப் பந்தாடும் இன்றைய சந்தைகளை எண்ணிப் பாருங்கள்.

10ஆம் நூற்றாண்டுப் பயணியாகிய இப்னு ஹவ்கல், மேற்கு ஆப்பிரிக்காவின் அவ்தகுஸ்த் நகரில் 42,000 தீனாருக்கான ஒரு ஸக்கைத் தாம் கண்டதாக எழுதியுள்ளார். பாலைவனத்தின் ஒரு முனையில் எழுதிய தாளை மறுமுனையில் மதித்த நாணயம் அன்று இருந்தது. நம் பக்கத்திலும் ‘ஹுண்டி’ என்ற வடநாட்டுச் சீட்டு ‘உண்டியல்’ என்ற பெயரில் புழங்கியது. இன்று அப்பெயர் காணிக்கைப் பெட்டிக்கு உரியதாகிவிட்டது.

இவ்வளவும் உண்மை. ஆயினும் ஆங்கிலச் ‘செக்’ இந்த ‘ஸக்’கிலிருந்து பிறந்தது என்பதற்குச் சான்று போதாது. மேலே கண்டபடி, சதுரங்கத்து ‘ஷா’ முதல் அடிக்கட்டை வரையில் படிப்படியாக அதன் வரலாற்றை ஆங்கில ஏடுகளிலேயே காணலாம். ‘ஸக்’கிலிருந்து வந்திருந்தால் இடைப்பட்ட படிகள் எங்கே? செக்கும் ‘செக்’கும் கதைதான் இதுவும். வேறொரு சான்றும் நம் வீடுகளிலேயே இருக்கிறது. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள்: வங்கிக் காசோலைக்கு அரபியர் இன்று சொல்லும் பெயர் ‘ஷீக்’. தம்மிடமே ‘ஸக்’ இருக்க, ஐரோப்பியரிடமிருந்து ‘ஷீக்’கைக் கடன் வாங்கியிருக்கிறார்கள். ‘ஷா’வாகச் சென்ற சொல் ‘ஷீக்’காகத் திரும்பி வந்திருக்கிறது!

மேலும், அந்த ‘ஸக்’கும் அரபியில் பிறந்ததன்று. பாரசீகச் ‘சக்’ என்ற சொல்லை, ‘ச’ ஒலி இல்லாத அரபியர் ‘ஸாத்’ எழுத்தைக் கொண்டு ஸக் ஆக்கினர் என்று அரபு அகராதியாளர்களே எழுதி வைத்துள்ளனர். 12ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்ஜவாலீகீ, அரபியில் கலந்த அயற்சொற்களுக்கென்றே ‘அல்முஅர்ரப்’ என்னும் தனி நூலை ஆக்கினார். தம் மொழி இன்னின்ன சொற்களைப் பிறரிடமிருந்து பெற்றது என்று எழுத அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. அவருடைய வழியில் வந்த நாம், இல்லாத உறவை மேடையில் முழங்குவது முறையாகுமா? நம் வீட்டுப் பிள்ளை அதைக் கல்லூரியில் சொல்லி, ஆசிரியர் அகராதியைப் புரட்டிக் காட்டினால், அவன் முவத்தாவில் உள்ள உண்மையான செய்தியையும் சேர்த்தே சந்தேகிக்கத் தொடங்குவான். அதுவே என் கவலை.

வெற்றுக் காசோலை

சொல்லாராய்ச்சியை விட்டு, அந்தச் சொல் இன்று நம் வீடுகளில் செய்யும் வேலையைப் பார்ப்போம். எங்கள் மதரஸாவில் ஓதும் ஒரு சிறுவனின் தந்தை, ஆலையொன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. தங்கையின் திருமணத்திற்காக ஒரு தனியார் நிதிநிறுவனத்தில் 40,000 ரூபாய் கடன் வாங்கினார். வட்டிக் கடன்தான், அதன் பாவத்தை அவரே அறிவார். கடனுக்கு ஈடாகத் தொகையோ தேதியோ எழுதாத இரண்டு காசோலைகளில் அவரிடம் கையெழுத்து வாங்கினர். மனைவியின் கணக்கிலிருந்தும் ஒன்று. அந்தச் சகோதரி, எதற்கென்று கேளாமலேயே கணவர் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். பெரும்பகுதியைச் செலுத்திய நிலையில் வேலை நின்றது, தவணையும் நின்றது. சில மாதங்கள் கழித்துப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. சகோதரியின் காசோலையில் 1,20,000 ரூபாய் என்று எழுதப்பட்டிருந்தது! ஆங்கிலத்தில் இருந்ததால் அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டனர். அடுத்து வந்தது நீதிமன்றச் சம்மன்.

1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 138ஆம் பிரிவு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கடனுக்காகத் தந்த காசோலை பணமின்றித் திரும்பினால், அது குற்றம். இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். காசோலை திரும்பிய தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் கடன் கொடுத்தவர் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த 15 நாட்களுக்குள் பணத்தைச் செலுத்திவிட்டால் வழக்கு எழாது. அந்தப் பதினைந்து நாட்கள்தாம் அந்தக் குடும்பத்தின் அலமாரியில் உறங்கின.

‘நான் தொகை எழுதவில்லையே, அவர்கள்தானே எழுதினார்கள்’ என்று வாதிட்டால் போதாதா? போதாது. கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை விரும்பிக் கொடுத்திருந்தால், பிறர் அதை நிரப்பினாலும் அது கடனுக்காகத் தரப்பட்டதென்றே சட்டம் அனுமானிக்கும் என 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. அந்த அனுமானத்தைச் சான்றுகளால் முறியடிக்கலாம். ஆனால் சான்று வேண்டும்: செலுத்திய தவணை ரசீதுகள், கடன் ஒப்பந்தத்தின் நகல், இன்ன எண்ணுள்ள காசோலையை ஈடாக மட்டுமே தந்தேன் என்ற எழுத்து. வங்கியில் சொல்லிப் பணம் தராமல் நிறுத்திவிட்டால் தப்பிக்கலாம் என்பதும் தவறான எண்ணம். கடன் இருந்தால் வழக்கும் இருக்கும்.

திருமறையின் மிக நீண்ட வசனம், அல்பகராவின் 282ஆவது வசனம், கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நீங்கள் அறிவீர்கள். அதில் ஒரு நுட்பம் உண்டு. எழுத்தர் எழுத, வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன்பட்டவரே என்று அவ்வசனம் பொறுப்பை ஒப்படைக்கிறது. கடன்பட்டவர் தம் வாயால் எவ்வளவு என்று சொல்ல, அது எழுதப்பட வேண்டும். வெற்றுக் காசோலையில் நடப்பதோ தலைகீழ். கடன்பட்டவர் வாய்மூடிக் கையெழுத்திட, கொடுத்தவர் தம் விருப்பம்போல் எழுதிக்கொள்கிறார். கொடுக்கல் வாங்கலில் நம்மவரே நம்மவரிடம் இவ்வாறு கையெழுத்து வாங்கி வைப்பதையும் காண்கிறேன். தொழுகையாளிகள் செய்கிறார்கள் என்பதற்காக அது சரியாகிவிடாது.

குறிப்பாகச் சகோதரிகளுக்கு: கணவரோ, சகோதரரோ, மகனோ கேட்டாலும் தொகை எழுதாத தாளில் கையெழுத்திடாதீர்கள். ‘எவ்வளவு, யாருக்கு, எதற்கு’ என்று கேட்பது மரியாதைக் குறைவாகாது. பெயர், தொகை, தேதி மூன்றையும் நிரப்பிய பிறகே கையெழுத்து. பதிவுத் தபாலில் எது வந்தாலும் அன்றே படித்துச் சொல்லக்கூடியவரிடம் காட்டுங்கள். வழக்கென்று வந்துவிட்டால், பெண்களும் தொழிலாளர்களும் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தந்திருக்கிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். மேற்சொன்ன குடும்பம் இப்போது அந்த வழியில்தான் சென்றுகொண்டிருக்கிறது. வழக்கு இன்னும் முடியவில்லை.

‘செக்’ என்பதற்கு நேரான சொல் நம் மார்க்க மரபில் உண்டா என்று மேல்வகுப்பு மாணவர் ஒருவர் கேட்டார். அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6ஆவது வசனத்தை அவருக்கு எடுத்துக் காட்டினேன். தீயவன் ஒருவன் செய்தி கொண்டுவந்தால் அதனைத் தீர விசாரிக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. அங்கே வரும் சொல்லைப் பெரும்பாலான காரீகள் ‘ஃபதபய்யனூ’ என்று ஓதுவர்: தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். ஹம்ஸா, கிஸாயீ ஆகிய இமாம்களின் ஓதலில் அது ‘ஃபதஸப்பதூ’: உறுதிப்படும்வரை பொறுத்து நில்லுங்கள். சரிபார்த்தலும் நிறுத்தி வைத்தலும் ஒரே இடத்தில் இரண்டு ஓதல்களாக நிற்கின்றன. ஆங்கிலச் சொல் பல நூற்றாண்டு அலைந்து சேர்த்துக்கொண்ட இரு பொருள்களும் அவையே. சதுரங்கத்திற்கும் இந்த வசனத்திற்கும் தொடர்புண்டென்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொருள் ஒத்துவருவதைக் காட்டினேன், அவ்வளவே.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ‘மேகசின்’ என்னும் சொல்லைப் பார்ப்போம். துப்பாக்கியில் குண்டு அடைக்கும் பெட்டிக்கும், நீங்கள் இப்போது கையில் பிடித்திருக்கும் இந்தப் பத்திரிகைக்கும் ஒரே பெயர் வந்ததற்கு அரபு நாட்டுக் கிடங்குகள் காரணம். இம்முறை அரபிலிருந்து வந்ததென்று சான்றுடனேயே சொல்லலாம். வஸ்ஸலாம்.